நைட்டித் துணியில் ஒரு கவுன்

எங்கள் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் பிரியாவிடை விழாவுக்கு ஒரு வாரம் முன்பு சுற்றறிக்கை வரும். இறுதியாண்டு மாணவியர் சேலை உடுத்த வேண்டும். அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: கணுக்கால்வரை நீளமும், கையும் உள்ள ஃபார்மல் கவுன். மாணவியர் பேரவை இரண்டாண்டுகள் கேட்டு வாங்கிய சலுகை அது. அந்தச் சுற்றறிக்கையை மூன்று வகுப்புகளில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவள் நான். விழாவன்று வாயிலில் நின்று உடையைச் சரிபார்த்த நான்கு பேராசிரியைகளில் ஒருத்தியும் நான்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்த தவறுக்கு வெளியே நின்றுகொண்டு நான் இதை எழுதவில்லை.

அன்று மாலை எங்கள் துறை மாணவி ஒருத்தி கருநீலக் கவுனில் வந்தாள். நீலத்தில் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள். தூரத்தில் பார்த்தால் சுங்குடி என்றே தோன்றும். போட் நெக் கழுத்து, முழங்கையைத் தாண்டி இறங்கிய கை, இடுப்பில் பழஞ்சரிகைப் பட்டி, அங்கிருந்து கணுக்கால்வரை விரிந்து விழும் பாவாடை. விழாவில் நன்றியுரை சொல்ல வேண்டியவள் அவள்தான். நாங்கள் நால்வருமே ஒரு கணம் வாய் திறக்காமல் பார்த்தோம். அவ்வளவு நன்றாக இருந்தது.

பிறகு என் சக ஆசிரியை ஒருவர் குனிந்து பாவாடை ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார்.

"இது நைட்டித் துணிதானே? எங்க வீட்ல வேலை செய்றவங்க இதே டிசைன்லதான் போட்டிருக்காங்க."

"ஆமா மேம். ரெண்டு நைட்டி. நானே தைச்சேன்."

அவள் குரலில் பெருமை இருந்தது. பாராட்டு வரும் என்று நினைத்திருப்பாள்.

"நைட்டியப் போட்டுக்கிட்டு மேடை ஏறுவியா? போய் மாத்திட்டு வா."

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்கதான வாசிச்சீங்க. நீளம் இருக்கணும், கை இருக்கணும்னு. ரெண்டும் இருக்கே."

நான் சொன்ன பதிலை எழுத என் கை கூசுகிறது. "இன்னிக்கு ஒருநாள்தானேம்மா. வேற ஏதாவது மாத்திட்டு வந்துரு."

அவள் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். போனாள், திரும்பி வரவில்லை. நன்றியுரையை வேறொருத்தி வாசித்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் அதே வாயில் வழியாக வேறொரு மாணவி வலைத்துணிக் கவுனில் உள்ளே போனாள். கை இருந்தது; ஆனால் கண்ணாடிபோல் இருந்தது. "எங்க எடுத்தே?" என்று ஆசையோடு கேட்டார் அதே ஆசிரியை. "வாடகைக்கு மேம். ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு." அந்தப் பெண்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் விரும்பியதை அவள் அணிந்தாள். எங்கள்மீதுதான் குறை. விதியை மீறியவளை ரசித்து உள்ளே விட்டோம். விதிக்கு உட்பட்டவளைத் திருப்பி அனுப்பினோம். அப்படியானால் நாங்கள் சரிபார்த்தது நீளத்தையும் கையையும் அல்ல. துணியின் விலையைச் சரிபார்த்தோம். அந்தத் துணியை ஊரில் யார் உடுத்துகிறார்கள் என்பதைச் சரிபார்த்தோம்.

தேர்வு நுழைவுச்சீட்டு வாங்க அவள் வந்த அன்று அந்தக் கவுனைக் கொண்டுவந்து காட்டுவாயா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் துணிக்கடைப் பையில் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தாள். அப்போதுதான் அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

ஒரே டிசைனில் இரண்டு நைட்டி, ஒன்று 240 ரூபாய். கடையில் விற்கும் நைட்டி எந்த உடம்பையும் மனதில் வைத்துத் தைத்ததல்ல. ஃப்ரீ சைஸ். மார்புச் சுற்று நாற்பத்தெட்டு அங்குலம். தோளில் ஒரு பட்டி, அதற்குக் கீழே சுருக்கு, முன்னால் ஜிப். இவள் மார்புச் சுற்று முப்பத்திரண்டு. முதலில் இரண்டையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தாளாம்: போகிற சாயம் போகட்டும், சுருங்குகிற துணி வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும் என்று. பிறகு பிளேடால் தையல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தன் அளவு ஜாக்கெட் ஒன்றையும் பிரித்து அதை மாதிரியாக வைத்து மேல்பகுதியை பிரின்சஸ் கட்டில் வெட்டினாள். ஜிப்பை முன்னாலிருந்து முதுகுக்கு மாற்றினாள். இரண்டு நைட்டியின் கீழ்ப்பகுதியையும், உள்பாவாடைக்கு ஆறு பார்ட் வெட்டுவதுபோல், மேலே குறுகியும் கீழே அகன்றும் வருகிற துண்டுகளாக வெட்டி இணைத்தாள். துணி மெல்லியது, நிறுத்தினால் நிற்காது, விட்டால் விழாது. அதற்காகப் பாவாடையின் ஓரத்தில் உள்பக்கமாகப் பழைய சேலைகளிலிருந்து பிரித்த ஃபால்ஸை வைத்துக் கைத்தையல் போட்டிருந்தாள். அந்த எடைதான் துணியைக் கீழே இழுத்து விழ வைத்தது. வாயிலில் நாங்கள் வாயடைத்துப் பார்த்த அழகின் காரணம் அது.

மேல்பகுதிக்கு லைனிங், அவள் அப்பாவின் பழைய வேட்டி. இடுப்புப் பட்டி, அம்மாவின் முகூர்த்தப் பட்டிலிருந்து. பட்டு வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் மடிப்போடு வெடித்துவிடும். உடல் வெடித்துப்போன அந்தச் சேலையில் கரை மட்டும் பிழைத்திருந்தது. கத்தரியை எடுத்துக் கொடுத்தது அம்மாதானாம். தைத்த இயந்திரம் பக்கத்து வீட்டு அக்காவுடையது. அக்கா தன் ஆர்டர்களை முடித்துவிட்டு எழுந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், பதினொரு இரவுகள். ஜிப், நூல், கழுத்துக்கு வைத்த கேன்வாஸ் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 545 ரூபாய்.

வலது பக்கத் தையலுக்குள் ஒரு பை வைத்திருந்தாள். ஆண் சட்டைக்கும் கால்சட்டைக்கும் கேட்காமலே வைக்கப்படும் பை, நம் உடைகளில் கேட்டாலும் கிடைக்காத பை. அதற்குள் கைவிட்டுப் பார்த்தேன். நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. நன்றியுரை.

பிரித்துப் படிக்க எனக்கு உரிமை இல்லை. மடித்தபடியே திரும்ப வைத்தேன்.

தோழியரே, நைட்டியைப் பற்றி நாம் நேர்மையாகப் பேச வேண்டும். பெயர்தான் இரவு உடை. நம் தெருக்களில் அது பகல் உடை. சமைக்கவும் துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் ரேஷன் வரிசையில் நிற்கவும், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் அணியும் வேலை உடை. நமக்கு வாய்த்த உடைகளில் இடுப்பை இறுக்காத, இழுத்து இழுத்துச் செருக வேண்டாத ஒரே உடை அதுதான் என்பதால்தான் அது இவ்வளவு பரவியது. அதனால்தான் அதன்மீது இவ்வளவு கோபமும். 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளி கிராமத்தில் ஊர்ப் பெரியவர்கள் காலை ஏழு முதல் மாலை ஏழுவரை பெண்கள் நைட்டி அணியத் தடை போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். செய்தி வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் சிரித்தோம், கிராமத்து மூடத்தனம் என்றோம். பிறகு நாங்களே வாயிலில் நின்றோம். தோகலபள்ளியாவது நைட்டியைத்தான் தடுத்தது. நாங்கள், நைட்டியாக இருந்து கவுனாகிவிட்ட துணியை, அதன் பழைய பிறப்பைச் சொல்லித் தடுத்தோம். பிறப்பைச் சொல்லித் தடுப்பதற்கு நம் நாட்டில் என்ன பெயர் என்று இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண். அந்தப் போராட்டத்தை, மேலாடை அணிய உரிமை கேட்டார்கள், கிடைத்தது என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். கிடைத்தது என்ன என்று பாருங்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், முரட்டுத் துணியால் உடம்பை மூடிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஒரே ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக் கூடாது. மறைப்பது பிரச்சினையாக இருந்ததில்லை என்பது இந்த நிபந்தனையில் வெளிப்பட்டுவிட்டது. ஒருத்தி தன்னைவிட உயர்ந்தவளாகச் சொல்லப்பட்டவளின் தோரணையில் தெருவில் நடந்துவிடுவாளோ என்பதுதான் பிரச்சினை. அந்தப் பெண்கள் தெருவில் அடிபட்டதும் துணி கிழிக்கப்பட்டதும் அதற்காகத்தான். அவர்களுடைய துன்பத்தையும் என் மாணவியின் ஒரு மாலை நேர அவமானத்தையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. ஆனால் இரண்டு வாயிலிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: உனக்கு இந்தத் தோரணையை யார் கொடுத்தது?

சரி, அந்த ஃபார்மல் கவுன் யாருடைய தோரணை? 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. நம் பட்டமளிப்பு விழாக் கருப்பு அங்கியின் பூர்வீகம், இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படித்த மதகுருமார்களின் உடை. மடங்களின் கூதல் தாங்கத் தைத்த அந்தக் கம்பளி அங்கியை நாற்பது டிகிரி வெயிலில் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, அதற்குள் வியர்த்து நின்றுதான் நானும் முனைவர் பட்டம் வாங்கினேன். யாரும் துணியைக் கசக்கிப் பார்க்கவில்லை. ஆயிரம் பேர் உடம்பில் ஏறி இறங்கி, கழுத்துப் பக்கம் வெளுத்துப்போன வாடகைத் துணி ஃபார்மல். தன் அளவுக்குத் தானே வெட்டித் தைத்த துணி ஃபார்மல் இல்லை. இதில் எந்த அறிவு இருக்கிறது?

எங்கள் ஊரில் சின்னப் பெண்பிள்ளைகளின் உடைக்கும் கவுன் என்றுதான் பெயர். என் முதல் கவுனை அம்மா தன் கிழிந்த வாயில் சேலையிலிருந்து தைத்தார். எட்டு வயதுவரை நான் அணிந்த கவுன் எல்லாமே ஏதோ ஒரு சேலையின் மிச்சம். வயதுக்கு வந்த அன்று கவுன் போயிற்று. பாவாடை தாவணி வந்தது. அதன் பிறகு எனக்குக் கவுன் திரும்பக் கிடைத்தது பட்டமளிப்பு விழாவில், ஒரு மணி நேரத்துக்கு. இடையில் இருந்த ஆண்டுகளில் நான் என்ன அணிய வேண்டும் என்பதை என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்தார்கள். அம்மா ஊருக்கே ஜாக்கெட் தைத்தார். உஷா மிஷின் ஓடாத இரவு எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஆனால் கடைத்தெருவில் இருந்த ஆணுக்குப் பெயர் டெய்லர். அம்மாவுக்குப் பெயர் "தைக்கிற அக்கா". குடும்ப அட்டைக்கு விவரம் எழுதியபோது அப்பா அவரை இல்லத்தரசி என்று சொன்னார். அம்மாவும் மறுக்கவில்லை.

தமிழில் தையல் என்றால் தைப்பது; தையல் என்றால் பெண். இந்த இரட்டைப் பொருளை வைத்து வகுப்பில் நான் எத்தனையோ முறை நயம் சொல்லியிருக்கிறேன். சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர்களை அடுக்கும்போது துன்னகாரர் என்று தைப்பவர்களையும் சேர்த்துச் சொல்கிறது என்று தேர்வுக்குக் குறிப்பு கொடுத்திருக்கிறேன். ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தில் தையலைத் தேடிக் குறிப்பெடுத்தவளுக்கு, கண்ணெதிரே ஒரு தையல் தைத்து வந்து நின்றபோது நாக்கு எழவில்லை.

"அதான் சிக்கனமான பொண்ணுன்னு பாராட்டலாமே" என்று பின்னால் ஒரு தோழி சமாதானம் சொன்னார். இந்தச் சிக்கனம் என்ற சொல்லைத்தான் நான் முதலில் கீழே போட விரும்புகிறேன். பெண் கையில் பணம் கொடுக்காமல் வைத்திருந்து, இல்லாததிலிருந்து அவள் எதையாவது ஆக்கும்போது அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துக் கைதட்டுகிறோம். இதையே ஒரு பெருநகர டிசைனர் செய்தால் பழைய சேலைக்கு மறுவாழ்வு, சூழலைக் காக்கும் ஃபேஷன் என்று பேட்டி வருகிறது. விலைச்சீட்டில் ஐந்து இலக்கம் வருகிறது. பிரித்ததும் வெட்டியதும் இணைத்ததும் ஒரே வேலை. ஒருவருக்கு அது படைப்பு, இன்னொருவருக்கு ஒட்டுப்போட்ட துணி. என் மாணவி மிச்சம் பிடிக்கத் தைக்கவில்லை. தனக்கு மட்டுமே பொருந்துகிற, உலகத்தில் இன்னொன்று இல்லாத ஓர் உடை வேண்டும் என்று தைத்தாள். அது ஆசை. ஏழைப் பெண்ணுக்குச் சிக்கனம் இருக்கலாம், பொறுமை இருக்கலாம். ஆசை இருந்தால்தான் நமக்கு உறுத்துகிறது.

பெண்ணியம் பேசும் சிலர் என்னிடம் மறுபக்கத்திலிருந்து கேட்பார்கள்: பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைத்த மிஷினை நீ கொண்டாடலாமா? நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டு அக்காவின் மிஷின், சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசு தரும் இலவசத் தையல் இயந்திரம். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், ஏழைப் பெண் என்றால் அரசின் நினைவுக்கு முதலில் வருவது தையல் மிஷின்தான். திருப்பூரில் ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு தையலை மட்டும் ஆயிரம் சட்டைக்குப் போட்டுவிட்டு, முழுச் சட்டை எப்படி உருவாகிறது என்றே பார்க்காமல் வீடு திரும்பும் பெண்களை எனக்குத் தெரியும். தையலில் விடுதலை இருக்கிறது என்று நான் சொல்லவே மாட்டேன். என் அம்மாவின் கழுத்து எலும்புத் தேய்மானம் எனக்கு அதைச் சொல்லவிடாது. நான் சொல்வது வேறு. அதே மிஷினில், அடுத்தவர் அளவுக்கு நாளெல்லாம் ஜாக்கெட் தைத்து ஓய்ந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பெண் தன் அளவை எடுத்தாள். கூலிக்காக அல்ல, கணவனுக்காக அல்ல, பிள்ளைக்காகவும் அல்ல. தன் தோள், தன் இடுப்பு, தன் கணுக்கால், தன் பை. அந்தப் பதினொரு இரவுகளைத்தான் நாங்கள் பதினொரு வினாடியில் திருப்பி அனுப்பினோம்.

அதைச் செய்தது எந்த ஆணும் இல்லை. அன்று வாயிலில் நின்ற நால்வரும் பெண்கள். நால்வரில் இருவர் நைட்டி அணிந்து வளர்ந்த வீட்டுப் பெண்கள். நான் அவர்களில் ஒருத்தி. அவள் கவுனைத் தொட்டபோது எனக்குள் எழுந்தது வெறுப்பு இல்லை, பயம். அந்தத் துணியை நான் அறிவேன் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். ஒரு தலைமுறைக்கு முன் மேலேறி வந்தவள்தான் வாயிலில் மிகக் கறாரான காவலாளியாகிறாள். அதிகாரம் எங்களை வேலைக்கு வைத்துக்கொள்வதே அதனால்தான்.

அடுத்த ஆண்டு விழாக் குழுக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். உடைக் கண்காணிப்புக் குழு வேண்டாம். அது முடியாதென்றால், மாணவியின் உடைத் துணியை எவரும் தொடவோ, அதன் விலையையும் வந்த இடத்தையும் கேட்கவோ கூடாது என்று சுற்றறிக்கையிலேயே எழுத வேண்டும். இரண்டும் ஏற்கப்படவில்லை. "சின்ன விஷயத்தப் பெருசாக்காதீங்க" என்றார்கள். அந்த வேலையை இனி நான் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் இடத்தில் வேறொருவர் நிற்கிறார்.

மாணவியரே, உங்களுக்கு ஒன்று. சுற்றறிக்கையை வாங்கி எழுத்துக்கு எழுத்து படியுங்கள்; அதில் இல்லாத விதியைச் சொல்லி யாராவது நிறுத்தினால், எந்த வரி என்று கேளுங்கள். என் மாணவி கேட்டாள். பதில் சொல்ல வேண்டிய நான்தான் சொல்லவில்லை. என் சக ஆசிரியைகளே, உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை உங்கள் விரல் ஒரு பெண்ணின் துணியைக் கசக்கப் போகும்போது, உங்கள் முதல் கவுன் எந்தச் சேலையிலிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

அவள் இப்போது வேறு ஊரில் முதுகலை படிக்கிறாள். போன மாதம் பேசினாள். கவுன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தங்கைக்குக் கொடுத்துவிட்டாளாம். தங்கை கொஞ்சம் சதைப்பிடிப்பு. ஆனால் கவலையில்லை, அம்மா. ஒவ்வொரு தையலிலும் உள்ளே ஓர் அங்குலம் விட்டுத்தான் தைத்திருக்கிறேன் என்றாள்.